இடது தோள் ஒன்றே முக்கால்

சிலையைத் திறந்து வைத்த மறுநாளே எங்கள் ஊரில் எல்லோரும் சிற்பக்கலையில் கரைகண்டவர்கள் ஆகிவிட்டார்கள். அதுவரை வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிட்டவர்கள், வெண்கலத்தை எங்கே வளைக்க வேண்டும், மூக்கை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று பேராலய வாசலில் நின்று வகுப்பெடுத்தார்கள். என் கடை அந்த வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. வேண்டாமென்றாலும் காதில் விழும்.

சிலை, காலமான எங்கள் ஆயருக்கு. பத்தொன்பது வருடம் இந்த ஊரில் ஆயராக இருந்தவர். மில்லில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மில் கேட்டில் தொழிலாளர்களோடு பதினோரு நாள் உட்கார்ந்திருந்தார். அப்போது அவரைத் திட்டி மேலிடத்துக்கு மொட்டைக்கடுதாசி போட்டவர்களில் பாதிப் பேர் இப்போது சிலைக் கமிட்டியில் இருக்கிறார்கள். செத்தவர் திருப்பிப் பேச மாட்டார், தாராளமாகச் சிலை வைக்கலாம்.

நான் அங்கி தைக்கிறவள். சாமிமார் அங்கி, ஆயர் அங்கி, இடுப்புக் கச்சை, பாடகர் குழுவுக்கு உடுப்பு, எல்லாம் என் மெஷினில்தான். ஊரில் என் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, 'அங்கிக்காரி' என்றால்தான் வழி சொல்வார்கள். வெட்டுவதும் தைப்பதும் நான். காஜா எடுப்பது, பொத்தான் கட்டுவது, ஊரார் துணிக்கும் சேர்த்து இஸ்திரி போடுவது என் வீட்டுக்காரர். அவர் அதிகம் பேச மாட்டார். அந்தக் குறையை நான் நிவர்த்தி செய்துவிடுவேன்.

சிலையைச் செய்தவள் வெளியூர்ப் பெண். நாற்பது வயதிருக்கும், முடியை ஒட்ட வெட்டியிருப்பாள், முன்கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. வெண்கலத் தகடுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து அவரைச் செய்திருந்தாள். பற்றவைத்த கோடுகளைத் தேய்த்து மறைக்கவும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு வளைவு, அவ்வளவுதான். தலையில் உயரமான தொப்பி கிடையாது, கையில் செங்கோல் கிடையாது, ஆசி கொடுக்கத் தூக்கிய கையும் கிடையாது. பீடம்கூட இல்லாமல் ஆள் உயரத்தில் தரையிலேயே நின்றார்.

புது ஆயர் துணியை இழுத்ததும் கூட்டம் கைதட்ட வேண்டும் என்று ஏற்பாடு. துணி விழுந்தது. பாடகர் குழு மட்டும் தட்டியது, அதுவும் தாளம் தப்பி.

அதற்கப்புறம் ஒரு வாரம் என் கடையில் கேட்டதையெல்லாம் எழுதினால் ஒரு நோட்டு போதாது. "துணி போத்தின ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்குக்கா" என்றாள் பாடகர் குழுத் தலைவி. உருகின மெழுகுவர்த்தி என்றார் ஒருவர். சுடுதண்ணீர் பாய்லர் என்றார் இன்னொருவர். அதைச் சொல்லிவிட்டு அவரே அரைமணி நேரம் சிரித்தார். கண்ணில்லாத ஆயர் எப்படி நம்மைப் பார்ப்பார் என்று ஒரு பெரியவர் கவலைப்பட்டார். இருந்தபோது அவர் பார்வையில் படாமல் பின்வாசலால் நழுவிய பெரியவர் அவர்.

அப்புறம் யாரோ தோளைக் கண்டுபிடித்தார்கள்.

சிலைக்கு இடது தோள் இறங்கியிருந்தது. வலது பக்கம் முதுகில் ஒரு புடைப்பு. நேராக நின்று பார்த்தால் கொஞ்சமாகத் தெரியும், பக்கவாட்டில் போனால் நன்றாகவே தெரியும். அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. ஃப்ரிட்ஜையும் பாய்லரையும் மறந்துவிட்டார்கள். "நம்ம ஆயரைக் கூனனாக்கிட்டா!" என்பதே எல்லார் வாயிலும். வேண்டுமென்றே கேலி செய்திருக்கிறாள், அவளுக்குச் சாமி நம்பிக்கையே கிடையாதாம், யார் சொல்லிக் கொடுத்துச் செய்தாளோ என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் பல் டாக்டர். அவர்தான் சிலைக் கமிட்டித் தலைவர். சிற்பி ஒரு முழ உயரத்தில் களிமண்ணில் மாதிரி உருவம் செய்து கொண்டுவந்து காட்டியபோது, "ரொம்ப ஆழமா இருக்கு" என்று தலையாட்டி ஒப்புதல் கொடுத்தவர் இதே மனுஷன்தான். அன்றைக்கு மாதிரியைப் பார்த்தாரா, தட்டில் வந்த கேக்கைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. இப்போது ஊர் கொதிக்கிறது என்றதும் தானும் கொதிக்கத் தொடங்கிவிட்டார். சிலையை அகற்ற வேண்டும் என்று ஒரு மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்.

சரி, இனி நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

ஆயர் இந்த ஊருக்கு வந்த புதிதில் என் கடைக்கு அளவு கொடுக்க வந்தார். முன்பு எங்கோ தைத்த அங்கி அவர் மேல் இருந்தது. ஒரு பக்கம் தரையைக் கூட்டியது, மறுபக்கம் கணுக்காலைக் காட்டியது. டேப்பை வைத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. முதுகெலும்பு வளைவு. இடது தோள் ஒன்றே முக்கால் இஞ்சு இறக்கம், வலது தோள்பட்டை எலும்பு பின்னால் தள்ளி நிற்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் எதுவும் சொல்லாமல், உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவருக்கு நீங்க செய்றத எனக்கும் செய்ங்கம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக்காரருக்கும் அதே வளைவு. எங்கள் கல்யாணச் சட்டையிலிருந்தே பஞ்சு வைத்துத் தைக்கிறேன். இடது தோளில் மூன்றடுக்கு, முதுகுப் புடைப்பின் ஓரத்தில் சரிவாக இரண்டடுக்கு, மேலே விறைப்புக்குக் கேன்வாஸ் துணி. சட்டையை மாட்டினால் ஆள் நேராக நிற்பார். ஊரில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. என் தொழிலில் எனக்கு இருந்த பெரிய திமிர் அதுதான். அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்தவர் ஆயர் ஒருவர்தான். அதே உடம்பு உள்ளவர் அல்லவா, தெரிந்துவிட்டது.

"இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். இருந்தது. பத்தொன்பது வருடம் அவருக்கு நான்தான் தைத்தேன். சவப்பெட்டியில் படுக்க வைத்தபோது அவர் மேல் இருந்ததும் நான் பஞ்சு வைத்த அங்கிதான்.

என் அளவு நோட்டில் உடம்பின் அளவு மட்டும்தான் இருக்கும். பஞ்சு எவ்வளவு, எந்த இடத்தில், எத்தனை அடுக்கு என்பதை நான் எழுதுவதே இல்லை. அது கையில் இருக்கிற கணக்கு. துணியை வெட்டும்போது தானாக வரும். நோட்டை வேறு யாராவது எடுத்துப் பார்த்தால் ஆயர் எப்படி இருந்தார் என்று தெரியும், ஊருக்கு எப்படித் தெரிந்தார் என்பது தெரியாது.

போன வருடம் அந்தச் சிற்பி கடைக்கு வந்தாள். "போட்டோ எல்லாம் பாத்துட்டேன்க்கா. எல்லாத்துலயும் போஸ் குடுத்துக்கிட்டு நிக்கிறாரு. உடம்பு எப்படின்னே தெரியல. நீங்கதான் அளவெடுத்தவங்கன்னு சொன்னாங்க" என்றாள். என்னைத் தேடி ஒரு கலைஞர் வந்துவிட்டாளாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பிரித்து, துணி வெட்டும்போது எனக்கு நானே வாசித்துக்கொள்வதைப் போல மடமடவென்று வாசித்தேன். மார்பு இவ்வளவு, முதுகு இவ்வளவு, இடது தோள் ஒன்றே முக்கால் இறக்கம், வலது பின்புறம் ஒன்றேகால் எழுச்சி. ஒரு வார்த்தை விடவில்லை. அவள் குறித்துக்கொண்டாள். இவள் பஞ்சு வைக்கப் போவதில்லை, அப்படியே செய்யப் போகிறாள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

துணி விழுந்த அன்று உறைத்தது. சிலைக்குக் கண்ணும் மூக்கும் இல்லாவிட்டால் எனக்கென்ன? அந்தத் தோளை எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் என் டேப் பட்ட உடம்பு அது. அவரேதான் வந்து நிற்கிறார் என்று எனக்கு மயிர் கூச்செறிந்தது. அடுத்த நிமிடம், ஐயோ, காட்டிக் கொடுத்துவிட்டேனே என்று பட்டது.

பல் டாக்டர் மனுவோடு கடைக்கு வந்தபோது நான் ஓர் அங்கிக்குக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க முதல்ல போடணும்மா. அவரு உடம்பு தெரிஞ்சவங்க நீங்க. இந்த அநியாயத்த நீங்களே சொல்லணும்" என்றார்.

"நான் என்ன டாக்டர், படிக்காதவ..."

"கையெழுத்து போடத் தெரியும்ல? போதும்." பல்லைக் காட்டினார். அவர் தொழிலுக்கு அது விளம்பரம். "ஒரு கூனனைக் கொண்டாந்து நம்ம ஆயர்னு நிறுத்தியிருக்காங்க. பாக்கவே அருவருப்பா இல்ல உங்களுக்கு?"

உள்ளே இஸ்திரிப்பெட்டி நகர்கிற சத்தம் நின்றது.

நான் கையெழுத்துப் போட்டேன். ஆமாம், போட்டேன். நாலாவது பெயர்; 'முதல்ல' என்றவர் ஏற்கெனவே மூன்று பேரிடம் வாங்கியிருந்தார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார், ஏன் என்றால் என்ன சொல்வது? இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டாக்டர் பேனாவை நீட்டியபடி உள்ளே எட்டிப் பார்த்தார். "நீங்களும் போடுங்க, வாங்க."

"கை ஈரமா இருக்கு டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். துணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கொஞ்ச நேரம் நின்றார். இவர் கையைத் துடைக்கவே இல்லை. டாக்டர் போன பிறகும் தெளித்துக்கொண்டே இருந்தார். அந்தத் துணி மறுபடி காய வேண்டியதாயிற்று.

அதன் பிறகு கடைக்கு வந்த ஒவ்வொருவரும் அதையே பேசினார்கள். கூனன், கூனன், கூனன். என் வீட்டுக்காரர் நான் தைத்த சட்டைக்குள் நேராக நின்றுகொண்டு, அவர்கள் துணியை மடித்துக் கையில் கொடுத்தார்.  நாலு கேள்வி கேட்க வாய் துடித்தது. மனுவில் போட்ட கையெழுத்து நினைவுக்கு வரும், வாயை மூடிக்கொள்வேன்.

இரண்டு நாள் கழித்துச் சிற்பி வந்தாள். கடை வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஓட்டு போட்டு முடிவு பண்றாங்களாம். வேணாம்னு வந்தா வெட்டி எடுத்துருவாங்க. பட்டறைக்காரர் உருக்க எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு."

நான் நூலைக் கோப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"அவரு உடம்பு அப்படித்தான்னு ஊருக்கே தெரியும்னு நெனச்சேன்க்கா. தெரிஞ்சுதான் கேக்குறாங்கன்னு நெனச்சேன். யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப நான் பொய் சொல்றேன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. இனிமே எனக்கு எவனும் வேலை தர மாட்டான்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பேன். "யார் கிட்ட அளவு வாங்குனேன்னு டாக்டர் கேட்டாரு. சொல்லல. உங்க பொழப்பு சாமிமாரை நம்பி இருக்கு. நீங்களா வந்து நோட்டைக் காட்டுனா காட்டுங்க. இல்லைனா விடுங்க."

அவள் போன பிறகு நான் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "என்னங்க செய்யட்டும்? அவருக்கு வாக்கு குடுத்திருக்கேன். செத்தவருக்குக் குடுத்த வாக்கு."

"உன் இஷ்டம்" என்றார்.

"உங்களுக்கு ஒன்னுமே தோணலையா?"

"தோணுறதையெல்லாம் சொன்னா இஸ்திரி யாரு போடுறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தார்.

சனிக்கிழமை, ஆயர் இல்லத்துச் செயலர் சாமி தானே நடந்து வந்தார். பொதுவாக ஆள் அனுப்புகிறவர். அந்தச் சிற்பி என் கடைக்கு வந்து போனதை யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். புதிதாகக் குருப்பட்டம் பெறப் போகும் சாமிமார் பதினெட்டுப் பேருக்கு அங்கி தைக்க வேண்டும் என்றார். பிறகு, "நாளைக்குக் கூட்டத்துல தேவையில்லாம யாரும் மூக்கை நுழைக்காம இருந்தா நல்லது, இல்லையாம்மா?" என்றார். குரலில் தேன் ஒழுகியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. மிரட்டுவதென்றால் நேராக மிரட்ட வேண்டியதுதானே? பதினெட்டு அங்கியைக் காட்டி என் வாயைத் தைத்துவிடலாம் என்று நினைத்தாரே, அங்கேதான் அவர் கணக்குத் தப்பியது. அன்று மாலையே நோட்டை எடுத்துப் பையில் வைத்தேன்.

ஞாயிறு நாலு மணிக்குப் பேராலயத்துப் பங்கு மண்டபத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சிடும் மைக், கால் ஆடும் மேசைக்குக் கீழே மடித்து வைத்த காகிதம். முந்நூறு பேர் இருப்பார்கள். திருப்பலிக்கு இத்தனை பேர் வந்திருந்தால் ஆயர் கல்லறையிலிருந்தே எழுந்து வந்திருப்பார். சிற்பி கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம ஆயர் எப்படிப்பட்ட ஆளு? கம்பீரம்! நிமிர்ந்த நெஞ்சு! அவர் நடந்து வந்தா அந்தத் தோளைப் பாக்கணுமே, மட்டம் வெச்சுப் பாத்த மாதிரி இருக்கும்!"

என் தையலுக்கு இவ்வளவு பாராட்டு வாழ்நாளில் கிடைத்ததில்லை. இந்த ஊர் ஏங்கி அழுதது என் பஞ்சுக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்றடுக்குப் பஞ்சையும் ஒரு துண்டு கேன்வாஸையும் பீடத்தில் ஏற்றி வைத்தால் எல்லோரும் மண்டியிட்டிருப்பார்கள்.

"அவரைப் போய் இந்தக் கோலத்துல நிறுத்துறதா? ஒரு ஆயருக்கு இதைவிட என்ன அவமானம் வேணும்?" என்று முடித்தார். கைதட்டல்.

அடுத்துப் பாடகர் குழுத் தலைவி எழுந்தாள். அவளுக்கு உடுப்புத் தைத்தவள் நான், இஸ்திரி போட்டுக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். "நான் ஒன்னே ஒன்னு கேக்குறேன். ஒரு கூனனுக்கு முன்னாடி எப்படிங்க மெழுகுவத்தி ஏத்துறது? மனசு ஒப்புமா?" என்றாள். இன்னும் பெரிய கைதட்டல்.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் முழங்காலில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. எழுந்து மேடைக்குப் போனேன்.

நோட்டைப் பிரித்தேன். தேதியைச் சொன்னேன். அளவுகளை வாசித்தேன். இடது தோள் ஒன்றே முக்கால் இறக்கம் என்றதும் மண்டபம் அடங்கியது. "இதுதான் ஆயரு. நான் பஞ்சு வெச்சு நேராக்குனேன். அவரே கேட்டுக்கிட்டாரு. அந்தப் பொண்ணு நான் வாசிச்ச அளவுக்குத்தான் செஞ்சிருக்கு. அது மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். ஆயருக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் உடைந்தது. உயிரோடு இருந்தால் கோபப்பட்டிருப்பார். படட்டும்.

டாக்டர் நிதானமாக மனுவை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "அம்மா, இதுல நாலாவது கையெழுத்து யாருது?"

 முன்வரிசையில் சிரிப்பு கிளம்பி, பின்வரிசைவரை போனது.

"போன வாரம் ஒரு பேச்சு, இந்த வாரம் ஒரு பேச்சு! சரி, உங்க வழிக்கே வர்றேன். பஞ்சு வெச்சா ஒரு முதுகு மறைஞ்சிருமா? நாங்க என்ன குருடங்களா? பத்தொன்பது வருஷம் பக்கத்துல நின்னு பாத்திருக்கோம். யார் காதுல பூ சுத்துறீங்க?"

மறுபடி சிரிப்பு. நான் நோட்டை மூடினேன்.  அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"மறைஞ்சிரும் டாக்டர்" என்றார்.

மெதுவாக நடந்து மேடைக்கு வந்தார். மைக்கைத் தொடவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான், "என்னங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி, டாக்டரின் நாற்காலி முதுகில் மாட்டினார். சட்டை இரண்டு தோளும் மட்டமாக நிமிர்ந்து நின்றது. அவர் பனியனோடு அதன் பக்கத்தில் நின்றார், இடது தோள் இறங்கி, வலது பக்கம் புடைத்து.

யாரோ "அட கடவுளே" என்றார்கள்.

"இருபத்தாறு வருஷமா உங்க துணியெல்லாம் இஸ்திரி போட்டுத் தர்றேன் டாக்டர்" என்றார். குரல் உயரவே இல்லை. "வாரத்துக்கு ரெண்டு தடவ மூஞ்சிக்கு நேரா பாக்குறீங்க. தெரிஞ்சுதா?"

டாக்டர் நாற்காலியை விட்டுத் தள்ளி நின்றார். "அது வேற விஷயம். நீங்க முதல்ல சட்டையப் போடுங்க. பொம்பளைங்க இருக்காங்க."

"இருக்கட்டும். அருவருப்பா இருக்குன்னு சொன்னீங்க. மெழுகுவத்தி ஏத்த மனசு ஒப்பாதுன்னு சொன்னாங்க. வெண்கலத்துல பாத்தா சரியாத் தெரியாது. நல்லாப் பாத்துக்கங்க." திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பனியனுக்கு வெளியே எலும்பு ஏறி இறங்குவது கடைசி வரிசைவரை தெரிந்திருக்கும். பாடகர் குழுத் தலைவி தன் கைப்பைக்குள் எதையோ தீவிரமாகத் தேடினாள்.

செயலர் சாமி அவசரமாக ஓட்டெடுப்பை நடத்தினார். சிலையை அகற்ற வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். மனுவில் நானூறு கையெழுத்து. தூக்கிய கை பதினான்கு. உடனே மனம் திருந்திவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். சட்டையில்லாமல் ஒரு மனுஷன் முன்னால் நிற்கும்போது கை தூக்கக் கூச்சம், அவ்வளவுதான். வெளியே போய் மறுபடி ஃப்ரிட்ஜ் என்றுதான் பேசியிருப்பார்கள். சிலை இருந்தது. சிற்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், என் வீட்டுக்காரரைக் கும்பிட்டாள், போய்விட்டாள். பதினெட்டு அங்கியும் வேறு கடைக்குப் போகும் என்று செயலர் சாமியின் முகத்திலேயே எழுதியிருந்தது. போகட்டும், அந்தப் புதுச் சாமிமார் தரையைக் கூட்டிக்கொண்டு நடக்கட்டும்.

வீட்டுக்காரர் சட்டையைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பனியனோடு தெருவில் நடந்தார். நான் பக்கத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனேன். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எனக்காக எழுந்து நின்றாரே! "டாக்டர் மூஞ்சியப் பாத்தீங்களா? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிருச்சு. அந்தப் பாட்டுக்காரி இனிமே நம்ம கடைப் பக்கம் தலை வெச்சுப் படுப்பாளா?" அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அது புதிதில்லை என்பதால் நானும் கவனிக்கவில்லை.

கடையைத் திறந்து உள்ளே போனதும், "சட்டையைப் போடுங்க, காத்தடிக்குது" என்றேன்.

அவர் சட்டையை நீட்டினார். "பஞ்சை எடுத்துட்டுக் குடு."

"இப்பவா? இதையா? நல்ல சட்டைங்க. தோள் தொங்கிப் போயிரும்."

"என் தோள் தொங்கித்தான் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. என் கை வேலையை யாராவது வேண்டாம் என்றால் எனக்கு எப்போதும் வருகிற கோபம். "பிடிக்கலைன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? இருபத்தாறு வருஷம் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிட்டு, இப்ப வந்து..."

அவர் மேசை விளிம்பில் உட்கார்ந்தார். 

"கல்யாணத்துக்கு முந்தின நாள் நீயே தச்சு எடுத்துட்டு வந்து குடுத்த. நான் கேக்கல. போட்டுக் கண்ணாடியில பாத்தேன், நேரா நின்னேன். நீ பின்னாடி நின்னு, 'இப்பத்தான் நல்லாயிருக்கீங்க'ன்னு சொன்ன. அதுக்கப்புறம் நான் என்னத்தச் சொல்ல?"

  டாக்டர், பாட்டுக்காரி, செயலர் சாமி என்று இத்தனை நாளாக நான் காறித் துப்பிய ஒவ்வொருவரும் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள்தான். அந்த முதுகை அப்படியே பார்க்க மனசு ஒப்பாததில் நான்தான் முதல் ஆள்.

அவருடைய அலமாரியைத் திறந்து எல்லாச் சட்டைகளையும் மேசையில் கொண்டுவந்து போட்டேன். பிளேடை எடுத்து முதல் தையலைப் பிரித்தேன். பதினோரு சட்டை இருந்தது. ஒன்றுகூட அவர் கேட்டுத் தைத்ததில்லை.